கிரீட் எண்டால் அழுகிறது

இது நடந்ததோ நடக்கேல்லையோ எண்டு கேக்கிற ஆக்கள் இப்பவே எழும்பிப் போகலாம், அவையளோடை மினக்கெட எனக்கு நேரமில்லை. நம்புற ஆக்கள் மட்டும் கிட்ட வந்து இருங்கோ, ஏனெண்டால் நான் சொல்லப்போறது ஸ்கொட்லாந்தின்ரை வடகிழக்குக் கரையிலை ஸ்கார்வி எண்ட சின்னத் துறைமுகத்திலை, கடலிலை இருந்து வந்த பனிமூட்டம் ஒண்டு ஊரிலை இருந்த நல்ல இங்கிலீஷ் முழுவதையும் விழுங்கின கதை, அதோடை அந்த நல்ல இங்கிலீஷ் என்ரை ஒரே பிள்ளையைப் பறிச்சுக்கொண்டு போகப் பாத்த கதை.

என்ரை பேர் தவமலர். அது ஊராரின்ரை வாயிலை நுழையாது, 'டாவி' எண்டுதான் கூப்பிடுவினம். என்ரை மனுசன் நடுக்கடலிலை எண்ணெய் எடுக்கிற மேடையிலை சமையல்காரன், கரைக்கு வாறது இடைக்கிடைதான். நான் மீன் ஆலையிலை கத்தியும் கையுமா நிண்டு, வாற மீனைக் கிழிச்சு முள்ளெடுக்கிற வேலை. யாழ்ப்பாணத்திலை படிச்ச இங்கிலீஷ் வழியிலையே எங்கையோ கொட்டுண்டு போச்சு. இஞ்சை வந்து எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தந்தது பள்ளிக்கூடமுமில்லை, புத்தகமுமில்லை, ஆலையிலை எனக்குப் பக்கத்திலை நிண்டு மீன் வெட்டின டீனி. அவ சிரிச்சால் மேசையிலை கிடக்கிற செத்த மீனும் ஒருக்காத் திடுக்கிடும்.

முதல்நாள் ஆலை வாசலிலை அவ என்னைப் பாத்து 'ஃபிட் லைக்?' எண்டு கேட்டா. எனக்குத் தந்த றப்பர் அங்கி அளவோ எண்டு கேக்கிறா எண்டு நினைச்சு, 'கை கொஞ்சம் நீளம்' எண்டு மரியாதையாச் சொன்னன். அண்டைக்கு முழுக்க ஆலையிலை மீன் வெட்டினதை விடச் சிரிச்சதுதான் கூட. 'எப்பிடி இருக்கிறாய்' எண்டுதானாம் அதுக்கு அர்த்தம். மற்ற ஆக்கள் 'வாட்' எண்டுறதை இவையள் 'ஃபிட்' எண்டுவினம். பிறகு ஆரணி பிறந்தாள், பிள்ளையைக் கண்ட இடமெல்லாம் 'க்வைன், க்வைன்' எண்டு கொஞ்சினவை. நான் அதைக் குவீன் எண்டு, ராணி எண்டு விளங்கி, பாத்தியே என்ரை பிள்ளையின்ரை வடிவை இந்தச் சனமே ஒப்புக்கொள்ளுது எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு திரிஞ்சன், பேந்துதான் தெரிஞ்சுது க்வைன் எண்டால் சும்மா பெட்டைப்பிள்ளை, ஊரிலை உள்ள பெட்டையள் எல்லாருமே க்வைன்தானாம். 'தோல்' எண்டும் ஒரு சொல்லு வைச்சிருக்கினம், தாங்கிக்கொள்ளுறது எண்டு அர்த்தம்; எங்கடை பாஷையிலை தோல் எண்டால் இது எண்டு நான் என்ரை கையைக் கிள்ளிக் காட்ட, டீனி கத்தியை நிப்பாட்டி யோசிச்சுப் போட்டு, 'அப்ப ரெண்டும் ஒண்டுதானே டாவி, தடிச்சால்தானே தாங்கும்' எண்டா.

கிரீட் எண்ட சொல்லை நான் ஆரிட்டையும் கேட்டுப் படிக்கேல்லை. ஆரணி கைக்குழந்தையா வயித்துக்குத்திலை வீரிட்டுக் கத்தேக்கை, டீனி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, 'உன்ரை பிள்ளை கிரீட்டுது, தா இஞ்சாலை' எண்டு வாங்கித் தன்ரை தோளிலை போட்டுத் தட்டித் தட்டி வீட்டுக்குள்ளை உலாத்தினா, பிள்ளை அடங்கிச்சுது. கிரீட் எண்டால் அழுகிறது. இப்பிடி ஒவ்வொரு சொல்லையும் ஒரு ஆளோடை, ஒரு மணத்தோடை, ஒரு சிரிப்போடை படிச்சு, அதையே என்ரை பிள்ளைக்கும் குடுத்தன்: வீட்டுக்குள்ளை தமிழ், படி தாண்டினால் இங்கிலீஷ். அது இங்கிலீஷ் இல்லை எண்டு ஒரு குஞ்சும் எனக்குச் சொல்லேல்லை. ஒருக்கா நகரத்து வங்கிக்குப் போய் நல்லா விளக்கமாக் கதைச்சன். அங்கை இருந்த பெட்டை மொழிபெயர்ப்பாளர் வேணுமோ எண்டு கேட்டாள். பாவம், அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது போல எண்டு நினைச்சுக்கொண்டு வந்திட்டன்.

ஆரணிக்கு ஏழு வயசு நடக்கேக்கை, பனிக்காலம் முடியிற நேரத்திலை, கல்விக் கந்தோரிலை இருந்து மிஸ்டர் வின்டன் எண்டு ஒருத்தர் பிள்ளையளின்ரை பேச்சைப் பரிசோதிக்க வந்தார். அந்தாளின்ரை குரல் ரேடியோவிலை செய்தி வாசிக்கிற குரல். ஆனபடியால் அவர் கதைச்சதை நான் உங்களுக்குச் செய்தித் தமிழிலைதான் சொல்லவேணும், வேற வழியில்லை. ரெண்டு படத்தை மேசையிலை வைச்சார். ஒண்டிலை ஒரு பொடியன் இன்னொருத்தனுக்குக் கை குடுத்துச் சிரிக்கிறான். மற்றதிலை ஒரு பொடியன் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுகிறான். 'இவர்களில் யார் கிரீட் செய்கிறார்?' எண்டு கேட்டார். அவரின்ரை இங்கிலீஷிலை கிரீட் எண்டால் ஆளைக் கண்டு வணக்கம் சொல்லுறதாம்! எனக்கு எப்பிடித் தெரியும்? என்ரை பிள்ளைக்கு எப்பிடித் தெரியும்? ஆரணி அழுகிறவனைக் காட்டினாள். காட்டினது மட்டுமில்லை, 'பாவம், ஆரோ அடிச்சுப் போட்டினம்' எண்டு அவனுக்காகக் கவலையும் பட்டாள்.

அவர் என்னைப் பாத்து, 'இச்சிறுமிக்கு முழுமையான மொழி எதுவும் கிடையாது' எண்டார். நகரத்திலை சிறப்புப் பள்ளிக்கூடம் ஒண்டு இருக்காம், திங்கள் காலமை பஸ் வந்து ஏத்துமாம், வெள்ளி பின்னேரம் கொண்டுவந்து விடுமாம், இடையிலை சாப்பாடு படுக்கை எல்லாம் அங்கைதானாம். வாற மே மாசம் தான் திரும்பி வந்து கடைசியா ஒருக்காச் சோதிச்சுப் பாத்து முடிவு சொல்லுவாராம். 'எல்லாம் குழந்தையின் நலனுக்காகவே' எண்டு வேற சொன்னார். ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுத கதைதான்!

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் எண்டு எங்கடை ஊரிலை சொல்லுவினம். ரெண்டு வாயுள்ள என்ரை பிள்ளைக்கு வாயே இல்லை எண்டு தீர்ப்பு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை, பழைய கோவமும் அதோடை சேர்ந்து எழும்பிச்சுது, ஏனெண்டால் எங்கடை அப்பா தபால் கந்தோரிலை இருந்தவர், இனித் தமிழிலை வேலை செய்யேலாது, சிங்களம் படிச்சுச் சோதினை பாஸ் பண்ணு எண்டு ஒரு சட்டம் வர, 'என்ரை நாக்கை வெட்டித் தட்டிலை வைச்சோ சம்பளம் வாங்குறது' எண்டு கேட்டுப் போட்டு எழும்பி வந்த மனுசன். நான் அவரின்ரை மகள். ஆனா நானும் ஒரு தாய், பிள்ளையைப் பஸ்ஸிலை ஏத்திப் போட்டுத் திங்களிலை இருந்து வெள்ளி வரைக்கும் வெறும் வீட்டிலை இருக்க என்னாலை ஏலாது.

அடுத்தநாள் ஆலையிலை டீனியைப் பிடிச்சன். 'எடியே, ஊரிலை இத்தினை பிள்ளையள் இதே கதைதானே கதைக்குதுகள், அதுகளை ஒருத்தரும் பஸ்ஸிலை ஏத்தேல்லையே, என்ரை பிள்ளையிலை மட்டும் என்ன பிழை?' எண்டு கேட்டன். டீனி முகத்தைத் தூக்கேல்லை. 'எங்கடை பிள்ளையளுக்கு ரெண்டு இருக்கு டாவி,' எண்டா, 'தெருவுக்கு ஒண்டு, பள்ளிக்கூடத்துக்கு ஒண்டு. வாசலிலை சப்பாத்து மாத்திற மாதிரி மாத்திப் போட்டுத்தான் உள்ளை போகுங்கள். எங்களுக்கும் அடிச்சுத்தான் அப்பிடிப் பழக்கினவை.' 'ஏன் எனக்குச் சொல்லேல்லை?' 'உனக்குத் தெரியும் எண்டு நினைச்சம்.' பேந்து சொன்னா: 'இல்லை, பொய். வெக்கமாக் கிடந்தது. எங்கடை கதையைப் படிக்கவேணும் எண்டு வந்த முதல் ஆள் நீதான், இது உதவாத பாஷையெண்டு எப்பிடிச் சொல்லுறது?'

நான் அவவோடை கொஞ்ச நாள் முகம் குடுத்துக் கதைக்கேல்லை. வீட்டிலை ஆரணியை இருத்தி, அழுகிற பொடியன் ஒண்டும் சிரிக்கிற பொடியன் ஒண்டுமாக் கீறிவைச்சு, 'கிரீட் எண்டு கேட்டால் சிரிக்கிறவனைக் காட்டவேணும், விளங்குதே' எண்டு நாளாந்தம் பழக்கினன். பிள்ளை படத்தைப் பாப்பாள், என்னைப் பாப்பாள். 'ஆனா அம்மா, அவன் கிரீட்டேல்லை, சிரிக்கிறானே,' எண்டுவாள். 'தெரியுமடி, ஆனா காட்டு.' 'பொய்தானே அம்மா?' நான் போய்ச் சோத்தைக் கிண்டுவன்.

அப்பிடி இருக்கேக்கைதான் மே மாசத்து ஒரு காலமை எழும்பிப் பாத்தால் சன்னலுக்கு வெளியிலை உலகமே இல்லை, ஒரே வெள்ளை. டீனி வாசலிலை நிண்டு 'ஹார் வந்திட்டுது' எண்டா. நான் 'ஆர் வந்தது?' எண்டன். 'ஹார்.' 'அதுதான் கேக்கிறன், ஆர்?' இப்பிடி ரெண்டு பேரும் வாசலிலை நிண்டு கத்திக் கத்தித்தான் கடைசியிலை எனக்கு விளங்கிச்சுது, கடலிலை இருந்து வாற பனிமூட்டத்துக்கு அவையள் வைச்ச பேர்தான் ஹார் எண்டு. கோவிச்சுக்கொண்டிருந்த நாங்கள் அந்தச் சிரிப்போடை ராசியானம். ஹார் வாறது புதினமில்லை, வருசா வருசம் வரும், மத்தியானம் போயிடும். இது போகேல்லை.

முதலிலை ரேடியோதான் அடங்கினது. செய்தி வாசிக்கிறவர் வாசிக்கேல்லை, இடையிலை வாற பாட்டு மட்டும் கேட்டுது. டிவியிலை வானிலை சொல்லுற மனுசி வாயைத் திறந்து திறந்து மூடினா, தொட்டி மீன் மாதிரி. பேந்து தபால் கந்தோரிலை நிண்ட மனுசன் 'அடுத்தவர் வரலாம்' எண்டு சொல்ல வாயைத் திறக்கச் சத்தமில்லை, திரும்பவும் திறக்கச் சத்தமில்லை, கோவம் வந்து தன்ரை ஊர்ப் பாஷையிலை ஒரு தூசணம் சொல்ல அது கடைசி வரிசை வரைக்கும் கணீரெண்டு கேட்டுது. அப்பதான் சனத்துக்கு விசயம் பிடிபட்டுது: ஹார் நிக்கிற மட்டும், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு மாதிரி மேலை மாட்டிக்கொண்டு கதைக்கிற நல்ல இங்கிலீஷ் ஒருத்தருக்கும் கேளாது, தாய் மடியிலை இருந்து வந்த பேச்சு மட்டும் கேக்கும். ஏன் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. காலநிலைதானே, மழைக்கு ஆர் காரணம் கேக்கிறது? 'இது எவ்வளவு நாளைக்கு நிக்குமோ' எண்டு மட்டும் கேட்டுப் போட்டு அவையவை தங்கடை அலுவலைப் பாக்கப் போட்டினம்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்க மேடையிலை ஏறி வாயசைச்சார், ஒண்டும் வரேல்லை, வேர்த்து ஒழுகினார், பிறகு தலையைச் சொறிஞ்சுகொண்டு தன்ரை தாய் அடுப்படியிலை கதைச்ச மாதிரிக் கதைக்கத் தொடங்கினார், அண்டைக்குத்தான் கடவுள் ஸ்கார்வியிலை பிறந்த ஆள் போலக் கிடந்தது, அவருக்கும் வலை கிழிஞ்சிருக்கும் போல, மழையிலை நனைஞ்சிருப்பார் போல. வழமையா நித்திரை கொள்ளுற சனம் நிமிர்ந்திருந்து கேட்டுது, இடையிலை ஒரு கிழவன் எழும்பி 'உண்மைதான் ஐயா' எண்டு கத்தினான். மீன் ஏலம் அரைவாசி நேரத்திலை முடிஞ்சுது. ரெண்டு வருசமாக் கதைக்காத அண்ணன் தம்பி ஒருத்தனை ஒருத்தன் வைய வெளிக்கிட்டு, நல்ல இங்கிலீஷிலை சேர்த்து வைச்ச குத்துக்கதை ஒண்டும் வாயிலை இருந்து வராமல், ஊர்ப் பாஷையிலை 'சாப்பிட்டியோடா' எண்டு மட்டும் வந்து, அதோடை சண்டை முடிஞ்சுது. தெற்கிலை இங்கிலாந்திலை இருந்து கலியாணம் முடிச்சு வந்த கடைக்காரி தன்ரை பேச்சுப் போயிடும் எண்டு பயந்தா, ஆனா அவவின்ரை இங்கிலீஷை ஹார் தொடேல்லை, ஏனெண்டால் அவவுக்கு அதுதான் தாய்ப்பேச்சு. ஹார் நியாயமான ஆள்.

என்ரை தமிழும் கேட்டுது. தெரு நடுவிலை நிண்டு 'ஆரணீ, சாப்பிட வாடி' எண்டு நான் கத்த, துறைமுகச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. ஒருத்தரும் ஆச்சரியப்படேல்லை. 'உனக்கென்ன குறை, நீயும் உன்ரை சொந்தத்தைத்தானே கதைக்கிறாய்' எண்டா டீனி.

ஊரிலை கஷ்டப்பட்டது ஒரே ஒரு ஆள், தலைமை ஆசிரியை மிஸ் ஃபோர்டைஸ். ஸ்கார்வியிலையே பிறந்து வளர்ந்தவ, ஆனா பள்ளிக்கூடத்துக்கு வெளியிலையும் அந்த நல்ல இங்கிலீஷ்க் கோட்டைக் கழட்டாத மனுசி; ஹார் வந்த நாளிலை இருந்து அவ கரும்பலகையைத் தட்டித் தட்டிச் சைகையிலைதான் படிப்பிச்சா, பிள்ளையள் மட்டும் ஓ எண்டு தங்கடை பாஷையிலை சத்தம் போட்டுக்கொண்டிருந்துதுகள். அவ ஏன் வாயைத் திறக்கிறா இல்லை எண்டு கேட்டன். 'கிரீட் எண்டு சொன்னதுக்குத்தான் சின்னனிலை அவவுக்கு அந்தப் பள்ளிக்கூடத்திலையே தோல்வாராலை உள்ளங்கையிலை அடிச்சவை,' எண்டா டீனி. 'அண்டைக்கு ஒளிச்சு வைச்ச பேச்சு, எங்கை வைச்சனான் எண்டு அவவுக்கே மறந்திருக்கும்.'

மிஸ்டர் வின்டன் சொன்ன நாளும் வந்துது, ஹாரும் நிண்டுது. எனக்கு உள்ளுக்குள்ளை ஒரே சந்தோசம். வரட்டும், வாயைத் திறக்கட்டும், தீர்ப்புச் சொல்லட்டும் பாப்பம்! கடலுக்குப் போகேலாமல் நிண்ட வள்ளக்காரர், மீன் வராததாலை பூட்டின ஆலைப் பொம்பிளையள், போதகர், தபால்காரர் எண்டு ஊர் முழுக்கப் பள்ளிக்கூட மண்டபத்திலை வந்து குந்திச்சுது. டீனிதான் வீடு வீடாப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தவ. அவர் வந்து மேசையிலை படத்தை வைச்சு, தொண்டையைச் செருமி, வாயைத் திறந்தார்.

ஒண்டும் வரேல்லை. கழுத்துப் பட்டியை இளக்கிப் போட்டுத் திரும்பவும் திறந்தார், இல்லை. 'அட, இவரும் எங்கையோ ஒரு ஊரிலை பிறந்த ஆள்தானப்பா!' எண்டு டீனி கத்தினா, ஏனெண்டால் அந்தக் குரல் அவரின்ரை சொந்தக் குரலா இருந்திருந்தால் கடைக்காரியின்ரை போலக் கேட்டிருக்குமே. மண்டபம் சிரிச்சுது. அந்தாள் சிரிக்கேல்லை, தன்ரை சொந்தத்தைத் தேடவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு சன்னலைப் பாத்தபடி இருந்தார், நீ எவ்வளவு நேரம் நிப்பாய் பாப்பம் எண்டு ஹாரைப் பாத்துக் கேக்கிற மாதிரி. தேத்தண்ணி குடுத்தம், குடிச்சார். நன்றி சொல்ல வாயசைச்சார், அதுவும் வரேல்லை.

பாருங்கோ, அந்தாளின்ரை பிடிவாதம்தான் வெண்டது. மத்தியானம் போலச் சன்னல் மஞ்சளாச்சுது, பேந்து நிலத்திலை வெயில் ஒரு துண்டு விழுந்துது, பாத்துக்கொண்டிருக்கவே ஹார் மெல்ல மெல்லத் தெருவிலை இறங்கித் துறைமுகப் பக்கமாப் போட்டுது. 'அட துரோகி!' எண்டு நான் தமிழிலை கத்தினன்.

'நல்லது. இனி முறைப்படி ஆரம்பிக்கலாம்' எண்டார் மிஸ்டர் வின்டன். கணீரெண்டு கேட்டுது. கேட்ட உடனை நடந்ததைச் சொல்ல எனக்கு இப்பவும் வயிறு எரியுது: கால் நீட்டி இருந்த வள்ளக்காரர் காலை மடக்கினவை, போதகர் கழுத்துப் பட்டியைச் சரி பண்ணினார், என்ரை டீனி, செத்த மீனைத் திடுக்கிட வைக்கிற டீனி, எழும்பி நிண்டு, 'மதிய வணக்கம் ஐயா, தாங்கள் பொறுமையுடன் காத்திருந்தமைக்கு நன்றி' எண்டு அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு சொன்னா. அவ்வளவு நாள் ஹார் குடுத்த வாய் எல்லாம் ஒரு வெயில் துண்டோடை சரி. அப்ப விளங்கிச்சுது எனக்கு, இனி ஒரு அற்புதமும் வந்து காப்பாத்தாது எண்டு.

ஆரணியைக் கூப்பிட்டார். பிள்ளை மேசைக்கு முன்னாலை போய் நிண்டாள். அதே ரெண்டு படம். 'இவர்களில் யார் கிரீட் செய்கிறார்?' பிள்ளை என்னைத் திரும்பிப் பாத்தாள். சிரிக்கிறவனைக் காட்டினால் வீட்டிலை நிக்கலாம், அழுகிறவனைக் காட்டினால் திங்கள் பஸ். ரெண்டும் அவளுக்கு வடிவாத் தெரியும், நான்தானே பழக்கினனான். கையைத் தூக்கிச் சிரிக்கிறவனுக்குக் கிட்டக் கொண்டு போனாள். விரல் அங்கை நிண்டுது, தொடேல்லை. 'அம்மா,' எண்டாள் தமிழிலை, 'நான் இவனைக் காட்டினால் அவனுக்கு ஆர் இருக்கினம்?'

கேட்டுப் போட்டு, அழுகிறவனிலை விரலை வைச்சாள்.

மிஸ்டர் வின்டன் தலையை ஆட்டினார். 'நான் எதிர்பார்த்ததுதான்' எண்டார். படத்தைத் தூக்கி, சுவரோரமா நிண்ட மிஸ் ஃபோர்டைஸிட்டை நீட்டி, 'சரியான விடை எதுவென்று இவர்களுக்குக் காட்டிவிடுங்கள், அம்மையீர்' எண்டார்.

அந்த மனுசி படத்தை வாங்கேல்லை. தன்ரை உள்ளங்கையை விரிச்சு ஒருக்காப் பாத்தா. பிறகு வந்து, ஆரணியின்ரை விரலுக்குப் பக்கத்திலை தன்ரை விரலை அந்த அழுகிற பொடியனிலை வைச்சு, 'அவன்தான்,' எண்டா, 'அவன்தான் கிரீட்டுறான்.' ஊர்ப் பாஷையிலை. வெயிலிலை. ஹார் இல்லை, ஒண்டுமில்லை, அவவின்ரை சொந்த வாய். துருப்பிடிச்ச கதவு திறக்கிற சத்தம்தான் வந்தது, ஆனா வந்தது.

அதுக்குப் பிறகு என்ன, டீனி கோட்டைக் கழட்டி எறிஞ்சா, மெய்யாகவே எறிஞ்சா, கதிரைக்கு மேலாலை போய் விழுந்துது; மேசைக்கு வந்து தன்ரை மீன் வெட்டுற விரலை அழுகிறவனிலை குத்தி, 'அவன்தான்!' எண்டா. தபால்காரர் வந்து 'அவன்தான்' எண்டார், போதகர் வந்து 'கடவுள் சாட்சியா அவன்தான்' எண்டார், ஏலத்திலை கூவுற மனுசன் வந்து ஏலக் குரலிலையே 'அவன்தான், அவன்தான், அவன்தான்' எண்டு மூண்டு தரம் கூவினான், அண்ணனும் தம்பியும் ஒண்டா வந்து ஒண்டா விரலை வைச்சவை, இங்கிலாந்துக் கடைக்காரி வந்து, 'என் ஊரில் மற்றவன்தான். ஆனால் இது இந்த ஊர், ஆகவே இவன்தான்' எண்டு தன்ரை பாஷையிலை தெளிவாச் சொன்னா. கடைசியா நான் போனன். அவ்வளவு நாள் பிள்ளைக்குப் பொய் பழக்கின இந்த விரலை அந்தப் பொடியனிலை வைச்சு, 'ஓம், இவன்தான் அழுகிறான்' எண்டு தமிழிலை சொன்னன். அந்தக் கடுதாசிப் பொடியனின்ரை முகமே எங்கடை விரல் பட்டுப் பட்டே அழிஞ்சு போச்சு.

'அப்படியானால் உங்களில் எவருக்கும் மொழி கிடையாது' எண்டார் மிஸ்டர் வின்டன். முகம் சிவந்து போச்சு. 'பேருந்து திங்கட்கிழமை வரும்.'

'வரட்டும்,' எண்டா டீனி. 'பெரிய பஸ்ஸா அனுப்பு.'

திங்கள் காலமை பஸ் வந்தது. வந்து பாத்தால் தரிப்பிடத்திலை ஊர் முழுக்க வரிசை, தேவாலயம் வரைக்கும் போய் வளைஞ்சு ஆலை வாசலிலை முடியுது. ஆளாளுக்குக் கையிலை மத்தியானச் சாப்பாட்டுப் பொதி, கிழவிமார் மடியிலை பின்னல் ஊசி, போதகருக்கு ஒரு தலையணை. வரிசைக்கு முன்னாலை ஆரணி, அவளின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு மிஸ் ஃபோர்டைஸ். 'ஒரு பிள்ளையைத்தான் ஏத்தச் சொன்னவை' எண்டான் பஸ் ஓட்டி. 'எங்களுக்கும் பாஷை இல்லையாம் தம்பி, எல்லாரையும் ஏத்து' எண்டா மிஸ் ஃபோர்டைஸ். 'ஏறினால் எல்லாரும், இல்லாட்டி ஒருத்தருமில்லை.' அவன் தலையிலை கைவைச்சுக்கொண்டு, கதவை ஆவெண்டு திறந்தபடியே விட்டுட்டு இறங்கி நிண்டு, இது தன்ரை வேலையில்லை, தனக்கு இடமில்லை, தனக்கு நேரமில்லை எண்டு எல்லாரோடையும் நியாயம் கதைச்சான். அவனின்ரை கதையும் கொஞ்ச நேரத்திலை எங்கடை கதை மாதிரி வரத் தொடங்கிச்சுது, பக்கத்து ஊர்க்காரனாம். கடைசியிலை, 'போங்கோடா விசரங்களே' எண்டு சிரிச்சுப் போட்டு ஏறி, வெறும் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு போனான்.

வெறும் பஸ் எண்டு அவன் நினைச்சான். கதவு திறந்து கிடந்த நேரத்திலை துறைமுகப் பக்கமிருந்து ஒருத்தர் மெல்ல நடந்து வந்து, வரிசையிலை கூட நிக்காமல் ஏறி, கடைசி ஆசனத்திலை இருந்து சன்னலெல்லாம் வெள்ளையாக்கினதை நாங்கள் எல்லாரும் பாத்தனாங்கள், ஒருத்தரும் பஸ் ஓட்டிக்குச் சொல்லேல்லை. 'அது ஆரம்மா?' எண்டாள் ஆரணி. 'ஹார்' எண்டன்.

நகரத்துக் கல்விக் கந்தோரிலை இப்ப ஒரு சத்தமும் இல்லையாம். கூட்டம் வைக்கினமாம், வாயசைக்கினமாம், தீர்ப்பு ஒண்டும் வெளியிலை வருகுதில்லையாம். மிஸ்டர் வின்டன் மட்டும் ஒருநாள் கூட்டத்துக்கு நடுவிலை ஒரு சொல்லுச் சொன்னவராம், அது எந்த ஊர்ச் சொல்லு எண்டு அங்கை ஒருத்தருக்கும் விளங்கேல்லையாம், அந்தாள் திகைச்சுப் போய் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு இருந்தவராம். நல்லது, சொல்லட்டும்.

அண்டைக்குப் பஸ் வளைவிலை திரும்பி மறையுமட்டும் நான் ஆரணியை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டு கை காட்டினன், போ, போய்ச் சொல்லு அவையளுக்கு எண்டு. கை காட்டக் காட்டக் கண்ணாலை ஓடிச்சுது, மூக்காலை ஓடிச்சுது, துடைக்கவும் மனமில்லை. பின்னாலை நிண்ட சின்னப் பொடியன் ஒருத்தன், 'டாவி என்ன செய்யிறா, அழுகிறாவோ, பஸ்ஸுக்கு வணக்கம் சொல்லுறாவோ?' எண்டு கேட்டான்.

என்ரை மகள் திரும்பி அவனை ஒரு பார்வை பாத்தாள்.

'கிரீட்டுறா' எண்டாள்.